வெள்ளிக் காசு: எடைக்கா, முகத்துக்கா?

புல்லியன் காசு எடைக்கு விற்பது. சேகரிப்புக் காசு முகத்துக்கு, அதாவது அதிலுள்ள படத்துக்கும் ஆண்டுக்கும், விற்பது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வெள்ளிக் காசுகளைப் பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம். அவுன்ஸ் என்று வரும் இடமெல்லாம் டிராய் அவுன்ஸ், அதாவது 31.1035 கிராம். சாதாரண 28.35 கிராம் அவுன்ஸை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாக வரும்.

கே: பில்ஹார்மோனிக் காசிலும் ஒரு அவுன்ஸ் வெள்ளி, குக்கபுர்ரா காசிலும் ஒரு அவுன்ஸ் வெள்ளி. விலையில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வருமா?

ப: ஆஸ்திரியாவின் பில்ஹார்மோனிக் வெள்ளிக் காசு 2008-இல் வந்தது. ஒரு பக்கம் வியன்னா இசை அரங்கத்தின் ஆர்கன், மறுபக்கம் வாத்தியங்கள். அன்றிலிருந்து மாறுவது ஆண்டு எண் மட்டும்தான். 2011 காசு கிடைக்கவில்லை என்று யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. 2014 காசு அந்த இடத்தை நிரப்பிவிடும். அதனால் வெள்ளி விலைக்கு மேல் அதற்குக் கிடைக்கும் கூடுதல், அதாவது பிரீமியம், குறைவாகவே நிற்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை 1990 முதல் அடிக்கும் குக்கபுர்ராவில் ஆண்டுதோறும் பறவை வேறு கோலத்தில் உட்காரும். எத்தனை காசு என்பதற்கு உச்சவரம்பு உண்டு, ஒவ்வொன்றும் தனிக் கேப்சூலில், அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூட்டில், வரும். ஒரு வருடக் காசுக்கு இன்னொரு வருடக் காசு ஈடாகாது. அந்த ஈடின்மைக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

திரும்பி வருமா என்பதற்கு வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. வாங்கும் அன்றே அதே வியாபாரியிடம் ‘இதை இன்று திருப்பித் தந்தால் என்ன கொடுப்பீர்கள்?’ என்று கேளுங்கள். கணக்குக்காக வெள்ளியின் மதிப்பை 100 என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் காசை 118-க்கு வாங்குகிறீர்கள், திருப்பி எடுப்பது 97-க்கு. போனது 21, அதாவது போட்ட பணத்தில் 17.8 சதவீதம். தொடர் காசு ஒன்றை 145-க்கு வாங்குகிறீர்கள், திருப்பி எடுப்பது 125-க்கு. போனது 20, அதாவது 13.8 சதவீதம். பிரீமியம் அதிகமான காசில்தான் இங்கே நஷ்டம் குறைவு. இதே 145 காசை வியாபாரி ‘எடைக்குத்தான் எடுப்பேன்’ என்றால் கணக்கு தலைகீழாகிவிடும், நஷ்டம் 30 சதவீதத்தைத் தாண்டும். ஆக, பிரீமியம் எவ்வளவு என்பதை விட, அந்தப் பிரீமியத்தை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ள அடுத்த ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி. கீழே வரும் பல பதில்கள் இந்த ஒன்றைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன.

கே: ஆண்டுதோறும் படம் மாறும் காசுகள் எவை, மாறாதவை எவை? புதிதாகத் தொடங்குபவர் எதில் கை வைக்கலாம்?

ப: மாறாதவை: அமெரிக்க ஈகிள், கனடாவின் மேப்பிள் லீஃப், பில்ஹார்மோனிக், தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்ட். தங்கத்தில் 1967-லேயே வந்துவிட்ட க்ரூகர்ராண்ட் வெள்ளிக்கு இறங்கியது 2017-இல்தான். பிரிட்டனின் பிரிட்டானியாவும் 2013-க்குப் பிறகு இந்த வரிசையில்தான். ஆண்டுதோறும் மாறுபவை: சீனப் பாண்டா, குக்கபுர்ரா, கோவாலா, சோமாலியா பெயரில் ஜெர்மனியின் பவேரிய நாணயச்சாலை அடிக்கும் யானை. மூன்றாவது வகை, தொடங்கி முடிந்துவிடும் தொடர்கள். பெர்த்தின் சாந்திர ஆண்டு விலங்குத் தொடர் பன்னிரண்டு ஆண்டுச் சுற்று. இரண்டாம் சுற்று 2008 முதல் 2019 வரை, மூன்றாவது 2020-இல் எலியோடு தொடங்கியது. பிரிட்டனின் ‘குயின்ஸ் பீஸ்ட்ஸ்’ இரண்டு அவுன்ஸ் காசுகள் 2016-இல் சிங்கத்தோடு தொடங்கி, பத்து விலங்குகள் முடிந்து, எல்லாம் ஒன்றாக நிற்கும் நிறைவுக் காசோடு 2021-இல் முடிந்தன.

புதியவருக்கு எங்கள் யோசனை, முதலில் நாட்டுக்கு ஒன்று. ஏழெட்டுக் காசுகளில் உலகத்தின் முக்கிய நாணயச்சாலைகள் எல்லாம் கைக்கு வந்துவிடும். அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எந்த நாணயச்சாலை பளபளப்பில் கெட்டி, எது விளிம்பில் சோம்பல் என்பது கண்ணுக்குத் தானாகப் பிடிபடும். அதன் பிறகு மனம் எங்கே போகிறதோ அந்தத் தொடரை மட்டும் பிடியுங்கள். எல்லாத் தொடரிலும் இரண்டிரண்டு வைத்திருப்பவர் விற்கும்போது அவை உதிரிக் காசுகள்தான்.

ஆண்டு வரிசை சேர்ப்பதானால் ஈகிள் ஒரு நல்ல பள்ளிக்கூடம். பழைய வடிவம் 1986 முதல் 2021 வரை 36 காசுகள். முப்பத்தைந்து எளிதாகச் சேரும். 1996 மட்டும் வம்பு செய்யும். அந்த ஆண்டு அடித்தது சுமார் 36 லட்சம், புல்லியன் ஈகிள்களின் முழு ஆண்டுக் கணக்கில் அதுவே மிகக் குறைவு. அதைக் கடைசிக்கு வைக்காமல் முதலிலேயே வாங்கிவிடுங்கள். மற்றவை எங்கும் ஓடிவிடாது.

கே: ‘வெறும் 10,000 மட்டுமே அடிக்கப்பட்டது’ என்று விளம்பரம் வருகிறது. எண்ணிக்கை குறைந்தால் மதிப்புக் கூடும்தானே?

ப: கூடலாம். ஆனால் பத்தாயிரம் காசு இருந்து, தேடுபவர் இரண்டாயிரம் பேர் என்றால், மீதி எட்டாயிரம் காசுக்கு ஆளில்லை. எண்ணிக்கையை எப்போதும் தேடுபவர் கூட்டத்தோடு வகுத்துப் பார்க்க வேண்டும்.

கனடா 2011 முதல் 2013 வரை ஆறு காசுகள் கொண்ட ‘வைல்ட்லைஃப்’ தொடரை வெளியிட்டது: ஓநாய், கிரிஸ்லி கரடி, கூகர், மூஸ் மான், பிராங்ஹார்ன், காட்டெருமை. ஒவ்வொன்றும் பத்து லட்சம், ஒன்று கூடவோ குறையவோ இல்லை. ஆனாலும் சந்தையில் எப்போதும் முன்னால் நிற்பது ஓநாய். அது முதல் காசு. வந்தபோது தொடர் ஓடுமா என்று தெரியாததால் பலர் வாங்கி வைக்கவில்லை. பின்னால் தொடரில் சேர்ந்தவர்கள் எல்லோரும் அதைத் தேடி வந்தார்கள். தொடரின் முதல் காசையும் கடைசிக் காசையும் விட்டுவிடாதே என்று சேகரிப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

மெக்சிகோவின் லிபர்டாட் இன்னொரு பாடம். ஈகிளோடு ஒப்பிட்டால் அதன் எண்ணிக்கை எப்போதுமே சிறுத்ததுதான். 1998-இல் ஒரு அவுன்ஸ் காசு வெறும் 67,000. இங்கே விலை நிற்பதற்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமல்ல. 1982 முதல் அறுபடாமல் வரும் தொடர் என்பதால் இடைவெளியை அடைக்கத் துடிப்பவர்கள் நிறைய. தொடர் இல்லாத ஒற்றைக் காசு 5,000 மட்டுமே அடிக்கப்பட்டிருந்தாலும், அதற்கு இப்படி ஓர் ஓட்டை காத்திருப்பதில்லை.

இன்னொன்று. ‘உச்சவரம்பு’ வேறு, ‘அடித்தது’ வேறு. 3 லட்சம் வரை அடிக்கலாம் என்று அறிவித்துவிட்டு ஒன்றரை லட்சத்தோடு நிறுத்துவதும் உண்டு. விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் முதலாவது. நாணயச்சாலை வெளியிடும் ஆண்டறிக்கையில் இருப்பது இரண்டாவது. அதையும் சரி பார்க்காமல் அரிய காசு என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

கே: தனியார் அடிக்கும் வட்ட வெள்ளியும் காசுதானா?

ப: இல்லை. அரசோ, அரசின் ஒப்புதலோடு நாணயச்சாலையோ வெளியிட்டு, சட்டப்படி செல்லுபடியாகும் என்று அறிவித்தால்தான் காசு. தனியார் அடிப்பது ‘ரவுண்ட்’. வெள்ளி சேர்ப்பது மட்டும் நோக்கம் என்றால் தாராளமாக வாங்கலாம். முகத்துக்கு விலை கேட்காதீர்கள். முகமதிப்பு எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு கட்டவும் வேண்டாம். லிபர்டாட்டில் எந்த முகமதிப்பும் இல்லை, ஆனால் அது அசல் காசுதான்.

கே: 2021 ஈகிளில் இரண்டு வகை என்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

ப: முன்பக்கம் இரண்டிலும் அடால்ஃப் வைன்மனின் நடக்கும் சுதந்திர தேவிதான். 1916 முதல் 1947 வரை அமெரிக்க அரை டாலரில் இருந்த அதே படம். பின்பக்கத்தைப் பாருங்கள். கேடயத்தோடு நேராக நிற்கும் கழுகு என்றால் ஜான் மெர்காண்டியின் பழைய வடிவம், முதல் வகை. கிளையைப் பற்றிக்கொண்டு தரையிறங்கும் கழுகு என்றால் எமிலி டாம்ஸ்ட்ராவின் புதிய வடிவம், இரண்டாம் வகை. 2021 நடுவில் மாறியது. விளிம்பையும் சுற்றிப் பாருங்கள்: இரண்டாம் வகையில் வரிவரியான பற்களுக்கு நடுவே ஓரிடத்தில் ஒரு பல் விடுபட்டிருக்கும். உடைசல் அல்ல, போலிக்குத் தடையாக வேண்டுமென்றே விட்டது.

ஈகிளில் கண்ணைக் கூர்மையாக்கினால் கிடைக்கும் இன்னொரு வித்தியாசம் 2008-இல் இருக்கிறது. வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையின் ‘டபிள்யூ’ முத்திரை உள்ள, சேகரிப்பாளருக்கென அடித்த காசுகளில் மட்டும் பாருங்கள். சாதாரண புல்லியனில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பின்பக்கத்தில் ‘யுனைடெட்’ என்ற சொல்லின் முதல் எழுத்தான ஆங்கில ‘யு’வின் வலது கால் கீழே சிறு குச்சியாக நீண்டிருந்தால் அது 2008-க்கான சரியான அச்சு. குச்சி இல்லாமல் கிண்ணம் போல வளைந்து முடிந்தால், 2007 அச்சு தவறுதலாக ஏறியிருக்கிறது. அப்படி வெளியே போனவை சுமார் 47,000 என்று கணக்கு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் அரை நிமிட வேலை.

கே: பாண்டா காசு எடை குறைவாக இருக்கிறது. போலியா?

ப: எந்த ஆண்டு என்று பாருங்கள். 2015 வரை ஒரு அவுன்ஸ். 2016 முதல் 30 கிராம். அதாவது சுமார் மூன்றரை சதவீதம் வெள்ளி குறைவு. விலை ஒப்பிடும்போது காசுக்குக் காசு பார்க்காமல் கிராமுக்குக் கிராம் பாருங்கள்.

பாண்டாவில் போலியா என்று பயமுறுத்தும் உண்மைக் காசு ஒன்று உண்டு. 2015-இல் எடை, உலோகம், தூய்மை எதுவும் பொறிக்கப்படவில்லை. வெறும் ஆண்டும் முகமதிப்பும் படமும்தான். விவரம் தெரியாதவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதேபோல 2001, 2002 இரண்டிலும் ஒரே படம். படத்தை நிரந்தரமாக்கிவிடலாம் என்று முடிவு செய்து, சேகரிப்பவர்கள் முகம் சுளித்ததும் திரும்பவும் ஆண்டுக்கொரு படத்துக்குப் போனார்கள். சேகரிப்பவர் கூட்டத்துக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கே: வீட்டிலேயே அசலா போலியா என்று பார்க்க வழி சொல்லுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் போதுமா?

ப: போதாது. செம்பும் பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. காந்தம் ஒட்டினால் போலி என்று உடனே சொல்லிவிடலாம். ஒட்டாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் வலுவான நியோடிமியம் காந்தம் இருந்தால், காசைச் சுமார் 45 டிகிரி சாய்த்துப் பிடித்து அதன் மேல் காந்தத்தை வழுக்க விடுங்கள். வெள்ளியின் மேல் தேனில் நழுவுவது போல மெதுவாக இறங்கும். காந்தம் நகரும்போது வெள்ளியில் எழும் சுழல் மின்னோட்டம் அதைப் பிடித்து இழுக்கிறது. செம்பிலும் ஓரளவு மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் இதை முதல் வடிகட்டியாக மட்டும் வையுங்கள்.

நம்பிச் சொல்லக்கூடிய சோதனை அடர்த்தி. 0.01 கிராம் வரை காட்டும் தராசு, ஒரு கண்ணாடி டம்ளர், மெல்லிய நைலான் நூல். இவ்வளவுதான் வேண்டும். காசைக் காய்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் சுருக்கிட்டுத் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையும் சுவரையும் தொடக் கூடாது. தராசு இப்போது காட்டும் எண், காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. காய்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49. எனவே 31.10 கிராம் காசு தொங்கும்போது தராசு 2.96 அல்லது 2.97 காட்ட வேண்டும். அதே எடையில் பித்தளை என்றால் 3.6-ஐத் தாண்டும், ஈயம் என்றால் 2.74-இல் நிற்கும். விடை 10.4-க்கும் 10.6-க்கும் இடையில் இருந்தால் நிம்மதி.

இது தப்பாகும் இடங்கள் இரண்டு. காசு அடியைத் தொட்டால் எண் சட்டென்று எகிறும்; அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றுவது காற்றுக் குமிழி. பற்களுக்கு இடையிலும் எழுத்துகளின் ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும் பொடிக் குமிழிகள் இடத்தை அடைத்து எண்ணைக் கூட்டிவிடும், அசல் காசும் 10.2 என்று காட்டிப் பயமுறுத்தும். தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, அறைச் சூட்டுக்கு வரும்வரை வைத்துவிட்டுச் செய்யுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி, மென்துணியில் வைத்து ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். புரூஃப் காசுகளிலும் (கண்ணாடி போன்ற பளபளப்போடு சேகரிப்பாளருக்கென அடித்தவை) மூடி முத்திரையிட்டு வந்தவற்றிலும் இந்தச் சோதனையே வேண்டாம்.

‘விட்டத்தையும் தடிமனையும் அளந்து கணக்குப் போட்டால் என்ன?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போட்டுப் பாருங்கள். பில்ஹார்மோனிக் 37 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். உருளையாகக் கணக்கிட்டால் 36 கிராம் வரும்; காசோ 31.1 கிராம்! தடிமன் அளப்பது உயர்ந்து நிற்கும் விளிம்பில். உள்பரப்பு அதைவிடத் தாழ்வு. காலிப்பரை அசல் அளவோடு ஒப்பிட மட்டும் வையுங்கள். ஈகிள் என்றால் விட்டம் 40.6, விளிம்புத் தடிமன் 2.98. எடை சரியாக இருந்து காசு தடித்திருந்தால், உள்ளே இலேசான உலோகம் இருக்கிறது.

கடைசியாக லென்ஸ். மேப்பிள் லீஃப்பில் 2014 முதல் இரு பக்கமும் நடுவிலிருந்து விரியும் நுண்கோடுகள் உண்டு. பெரிய இலைக்குக் கீழே லேசரால் பொறித்த குட்டி இலை, அதற்குள் ஆண்டின் கடைசி இரண்டு எண்கள். 2021 முதல் வரும் பிரிட்டானியாவில் கீழ் மூலையில் ஒரு சிறு சின்னம். காசைச் சாய்த்தால் திரிசூலமாக இருந்தது பூட்டாக மாறும். பின்னணி அலைகளும் அசைவது போலத் தெரியும். போலி செய்பவர்கள் எடையைப் பிடித்துவிடுகிறார்கள். இந்தப் பூட்டில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கே: கேப்சூலைத் திறக்கவே இல்லை. காசில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்! யார் குற்றம்?

ப: உங்கள் குற்றம் இல்லை. பால் புள்ளி என்று சேகரிப்பவர்கள் சலித்துக்கொள்ளும் சமாசாரம் இது. வெற்றுத் தகடுகளைக் கழுவிச் சூடாக்கும்போது மேற்பரப்பில் தங்கிவிடும் இரசாயன மிச்சமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. மாதங்களோ வருடங்களோ கழித்து வெளியே வரும். மேப்பிள் லீஃப்பும் பிரிட்டானியாவும் இதில் பேர் கெட்டவை. கனடா 2018 முதல் மேப்பிள் லீஃப்பில் ‘மின்ட்ஷீல்ட்’ என்ற மேற்பரப்புக் காப்பு முறையைக் கொண்டுவந்ததே இதனால்தான்.

பென்சில் ரப்பரால் தேய்த்தால் போய்விடும் என்ற வைத்தியம் உலாவுகிறது. புள்ளி போகும், பளபளப்பும் போகும்; அந்த இடத்தில் கோடுகோடாகக் கீறல் வந்து நிற்கும். புள்ளி விழுந்த காசை வெள்ளி எடைக்கு எப்போதும் விற்கலாம், கீறியதையும் அப்படித்தான் விற்கலாம், ஆனால் புள்ளிக் காசைச் சேகரிப்பவர் ஒருவர் சற்றுக் குறைத்தாவது வாங்குவார். அதனால், புள்ளி வரக்கூடிய காசுகளில் அதிக பிரீமியம் போடாமல் இருப்பதே எங்கள் கட்சி.

கே: காசு கறுத்துப் போகாமல் வைத்துக்கொள்ள என்ன செய்யலாம்? எந்தக் கேப்சூல் வாங்குவது?

ப: வெள்ளி கறுப்பது கந்தகத்தால். காற்றில் இருக்கும் மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு போதும், வெள்ளி சல்ஃபைடு படலம் விழுந்துவிடும். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. கந்தகம் வெளியிலிருந்து வருவதைவிட நாம் வைக்கும் பெட்டியிலிருந்து வருவதே அதிகம்: ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, மலிவான அட்டைப்பெட்டி, புதிதாக வர்ணம் அடித்த அலமாரி. இவற்றை விலக்கிவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஜெல் ஈரத்தைக் குடித்துக் களைத்துவிடும். நிறம் மாறியதும் காயவைத்தோ மாற்றியோ வையுங்கள்.

கறுப்பைவிட மோசமானது பி.வி.சி. மெத்தென்று வளையும், புதிதில் வாசனை வரும் பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் அதுதான். நாளடைவில் அமிலம் கசிந்து பச்சைப் பிசினாகக் காசில் படியும்; உலோகத்தையே அரிக்கும். சந்தேகம் இருந்தால் உறையின் ஓரத்தைச் சிறு துண்டாக வெட்டுங்கள். செம்புக் கம்பியைச் சூடாக்கி அந்தத் துண்டைத் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது, உறையைத் தூக்கிப் போடுங்கள். வெளிக்காற்று வரும் இடத்தில், துளியளவே வெட்டிச் செய்யுங்கள். பிசின் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் கலப்படமில்லாத அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, வேறு புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசி, தேய்க்காமல் உலரவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அசிட்டோன் பிசினைக் கரைக்கும், கறுப்பைத் தொடாது. கறுப்பை நீக்கும் ‘டிப்’ திரவங்கள் வெள்ளியின் மேல் தோலையே எடுத்துவிடும். ஒருமுறை முக்கியது பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

கேப்சூலில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் காசு உள்ளே குலுங்கி விளிம்பு தேயும். பில்ஹார்மோனிக் 37, மேப்பிள் 38, பிரிட்டானியா 38.6, பாண்டா 40, ஈகிள் 40.6. இரண்டு இடத்தில் கவனம். 1996-க்கு முந்தைய லிபர்டாட் 36, அதன் பிறகு 40. 2012 வரை பிரிட்டானியா 958 தூய்மையில் 32.45 கிராம் எடையோடு 40 மில்லிமீட்டர். 2013 முதல் 999 தூய்மையில் 38.6. ‘குயின்ஸ் பீஸ்ட்ஸ்’ விட்டம் பிரிட்டானியாவுடையதுதான், தடிமன் மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால் தடித்த கேப்சூல் கேட்டு வாங்குங்கள். டியூபில் வந்தவற்றை டியூபிலேயே விடலாம். காசைச் சரித்து எடுங்கள். கவிழ்த்துக் கொட்டினால் பற்கள் அடுத்த காசின் முகத்தில் கோடு போடும்.

கே: 70 மதிப்பெண் பெற்ற ஈகிள், கூடுதல் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

ப: 70 என்பது காசின் நிலைக்கு மதிப்பெண் போடும் ஷெல்டன் அளவுகோலின் உச்சி, ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தெரியாத காசு என்று பொருள். இன்றைய இயந்திரத்தில் அடிக்கும் காசு 69, 70 வாங்குவது அதிசயமே அல்ல. காசுக்கு மதிப்பெண் போட்டுப் பெட்டியில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டுமே எந்த மதிப்பெண்ணில் எத்தனை காசு என்ற எண்ணிக்கையை வெளியிடுகின்றன. அதில் உங்கள் ஆண்டுக்கு 70 ஆயிரக்கணக்கில் இருந்தால் கூடுதல் விலை வீண். அதே ஈகிளில் தொடக்க ஆண்டுகள் சிலவற்றில் 70 அபூர்வம். அங்கே அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தம் உண்டு. ‘முதல் அச்சு’ என்ற லேபிளும் பெரும்பாலும் வெளியான முப்பது நாளுக்குள் வந்தது என்பதைத்தான் குறிக்கிறது. அச்சில் முதலில் விழுந்த காசு என்று அல்ல. லேபிளுக்குப் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கொடுக்க மாட்டோம். பெட்டிக்குள் இருக்கும் 70-க்கும் பின்னாளில் பால் புள்ளி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கே: தங்கமுலாம் பூசிய ஈகிள், வண்ணம் அடித்த மேப்பிள் இவை?

ப: நாணயச்சாலையே அப்படி வெளியிட்டிருந்தால் அது தனி வெளியீடு. வெளியில் யாரோ பூசியது என்றால் கெட்டுப்போன காசு, எடைக்கு மட்டும்.

கே: பிரிட்டானியாவில் ‘மாறிப்போன’ காசு உண்டாமே?

ப: 2014-இல் பிரிட்டனின் ராயல் மின்ட் பிரிட்டானியாவையும் குதிரை ஆண்டுக் காசையும் ஒரே சமயத்தில் அடித்தபோது இராணி பக்க அச்சுகள் இடம் மாறிவிட்டன. அந்த ஆண்டுப் பிரிட்டானியாவில் இராணியைச் சுற்றி ஓரத்தில் பொடிப் பற்கள் போன்ற வரிசை இருக்கும். குதிரைக் காசில் இருக்காது. பற்கள் உள்ள குதிரை, பற்கள் இல்லாத பிரிட்டானியா இரண்டும் மாறிப்போனவை. முதலாவது சுமார் 38,000, இரண்டாவது சுமார் 17,000. பிழைக் காசு என்றதும் ஒன்றிரண்டுதான் இருக்கும் என்று நினைத்துக் கொள்ளைவிலை கொடுத்துவிடாதீர்கள். அந்த ஆண்டுக் காசு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், இன்றே எடுத்து ஓரத்தைப் பாருங்கள்.

கே: விற்கும்போது முழுத் தொடராகக் கொடுப்பதா, பிரித்தா?

ப: முக்கியக் காசு ஒன்று மற்றவற்றைவிடப் பல மடங்கு மேலே நின்றால் முழுத் தொடராக. அந்தக் காசுக்கு வருபவர் மற்றவற்றையும் எடுத்துக்கொள்வார். அதை மட்டும் விற்றுவிட்டால் மீதி எடைக்குப் போகும். எல்லாம் ஏறக்குறைய சமம் என்றால் பிரித்துக் கொடுங்கள், தங்களிடம் இல்லாத ஒன்றிரண்டைத் தேடி வருபவர்களே அதிகம். ஒவ்வொரு காசுக்கும் வாங்கிய தேதி, ஆண்டு, காய்ந்த எடை, இரு பக்கப் படம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். படத்தைக் கேப்சூலுக்கு வெளியே எடுக்க வேண்டாம்; விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் கேப்சூலின் பளபளப்பு விலகி முகம் தெளியும்.